இரும்பு மாத்திரையும் தூங்காத மரபணுவும்

எங்கள் தோட்டத்தில் யாராவது வெளிறிப்போய் என் முன்னால் வந்து நின்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, "மாத்திரை போட்டியா?" என்பதுதான். மாத்திரை என்றால் இரும்பு மாத்திரை. அடுத்த கேள்வி, "சோறு தின்ன கையோட தேத்தண்ணி குடிச்சியா?" ஆமாம் என்று சொன்னால் தொலைந்தாள். சாப்பாட்டில் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது என்று பிடித்துவைத்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் விடுவேன். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா டீச்சர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. பாலூட்ட வருகிறவர்களைப் பிடித்துப் புத்தி சொல்வது என் வேலையில் பாதி. அந்தப் பாதியை நான் ஒன்றரை மடங்கு செய்வதாக என் கணவர் செல்வராஜ் சொல்வார்.

அப்படிப்பட்ட என்னிடமே ஒரு டொக்டர், "இனி இரும்பு மாத்திரையைத் தொடக்கூடாது, சாப்பாட்டோடு சேர்த்துக் கறுப்புத் தேநீர் குடியுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உடம்பு தேறி வேலைக்கும் திரும்பிவிட்டதால் இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிறந்ததிலிருந்தே வெளிறிய ஆள்தான். கண்ணில் எப்போதும் லேசான மஞ்சள். மலை ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் மலையில் ஏறி மூச்சு வாங்காதவர் யார்? இரும்பு மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கினேன். மகள் மதுமிதா பிறந்தபோது எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இரத்தம் குறைவது வழக்கம்தானே என்று அதையும் மறந்துவிட்டோம். பிறகு இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்துக்கொண்டே வந்தது. மதுவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, "டீச்சருக்கு ரெண்டாவது விசேஷமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களை முறைத்தேனே தவிர, வயிறு ஏன் கனக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டேன். செல்வராஜ் தன் திரீவீலரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கே இரத்தத்தைப் பார்த்தவர்கள் நிற்கவைக்காமல் கண்டிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இருந்ததாம். எனக்கு அதில் பாதி நினைவில்லை. கினிகத்தேனை வளைவுகளில் செல்வராஜ் என் கையை விடாமல் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கண்டியில் பல விதமாக இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் செய்தார்கள். கனத்தது மண்ணீரல், பழைய இரத்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு அது, வேலை மிஞ்சி வீங்கிக் கிடந்தது. ஒரு வாரத்துக்குள் நோயின் பெயர் வந்துவிட்டது. தலசீமியா.

டொக்டர் சிங்களத்தில் சொல்ல, பதுளைப் பக்கத்து நேர்ஸ் ஒருவர் தமிழில் சொன்னார். இரத்தத்தில் காற்றைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அதைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. எனக்கு இரண்டுமே பழுது. ஒன்று மட்டும் பழுதானால் ஆள் நன்றாகவே இருப்பார், தெரியவே தெரியாது. என் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் மாமன் மகளும் அத்தை மகனும். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று கட்டிவைத்தார்கள். சொந்தத்தோடு இதுவும் வந்துசேர்ந்தது.

"அப்ப இரும்பு?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு இரும்பு கொறையவே இல்ல அக்கா. ஒடம்பே தேவைக்கு மேல இழுத்து வச்சிருக்கு. மேல மேல மாத்திரையும் போட்டா ஈரல்லயும் நெஞ்சுலயும் போயி படியும். அதுதான் ஆபத்து."

தேநீர் விஷயம் அப்போதுதான் வந்தது. நான் எல்லாரையும் தடுத்த அதே காரணத்துக்காக என்னைக் குடிக்கச் சொன்னார்கள். இரும்பு சேரவிடாதது எனக்கு நல்லதாம். நேர்ஸிடம் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது.

முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. பிரசவத்தின்போது ஏற்றிய இரத்தத்தை என் உடம்பு அந்நியம் என்று குறித்துவைத்து, அதற்கு எதிராக ஆயுதம் செய்து வைத்திருந்தது. அதனால் என் வகை இரத்தத்திலேயே பெரும்பாலானது எனக்குச் சேராது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. பொருந்துகிற இரத்தத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், வாட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் கடுகண்ணாவை ஊர்ச் சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைத் தங்கச்சி முறையில் "நங்கி" என்று கூப்பிட்டு, தன் ஃபிளாஸ்கிலிருந்து சுடுநீர் ஊற்றித் தருவாள். நான் கதவையே பார்ப்பதைக் கண்டு ஒருநாள் தலையணையை நகர்த்தி என்னை ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுக்கவைத்தாள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன்.

இரத்தம் கிடைத்தது. ஏற்றினார்கள். ஆனால் டொக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உடம்பு புதிதாக எதையாவது எதிர்க்கக் கற்றுக்கொள்ளலாம். இந்த முறை கிடைத்தது அடுத்த முறையும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரத்தத்தை நம்பியே நான் வாழ முடியாது. அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான். இரத்தம் ஏற்றாமல் நான் இருக்க வழி உண்டா?

அந்தச் சமயத்தில்தான் நிலூஷா மிஸ் என் கட்டிலருகே வந்தார். பல்கலைக்கழகத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிறவர். கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழ் கற்றாராம். ஆராய்ச்சிக்காக என் இரத்தத்தில் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டார். இருக்கிறதே கொஞ்சம், அதிலும் பங்கா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"எடுத்துப் பாத்து எனக்கு என்ன செய்வீங்க மிஸ்?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்னு வச்சுக்குங்க. ஆனா ஒரு விஷயம் எனக்கு விளங்கல. உங்க மாதிரி ரெண்டு ஜீனும் பழுதான சின்னப் பிள்ளைங்க இங்க மாசாமாசம் ரத்தம் ஏத்த வர்றாங்க. நீங்க இத்தனை வருஷம் மலை ஏறி எறங்கியிருக்கீங்க. எப்படி?"

எனக்கும் அது நல்ல கேள்வியாகப் பட்டது. கையை நீட்டினேன்.

அடுத்த தடவை வந்தபோது முகத்தில் ஒரு துள்ளல் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"தோட்டத்துப் புள்ளைங்கள பாத்துக்கிறது. சோறு ஊட்டி, பகல்ல தூங்க வைக்கிறது."

"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு ஒரு வகை ஹீமோகுளோபின் உண்டு. அதைச் செய்ய ஒரு தனி மரபணு. பிள்ளை பிறந்து சில மாதங்களில் உடம்பு அதைத் தூங்கவைத்துவிட்டு, பெரியவர்களுக்கான மரபணுவை எழுப்பும். தூங்குவது அழிந்துபோவதில்லை, சாகும்வரை ஒவ்வொருவர் உடம்பிலும் அது இருக்கும். எந்த மரபணு எப்போது தூங்க வேண்டும், எது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அடக்கி ஆளும் சுவிட்சுகள் தனியாக இருக்கின்றன. ஒரே பழுது உள்ள இரண்டு பேரில் ஒருவர் படுத்துவிடுவதும் ஒருவர் நடமாடுவதும் பல நேரம் அந்தச் சுவிட்சுகளால்தானாம். நிலூஷா மிஸ்ஸின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான்.

எனக்குப் பெரியவர்களின் மரபணுதான் பழுது. குழந்தைப் பருவத்து மரபணுவில் ஒரு குறையும் இல்லை.

"உங்களுக்கு அது முழுசா தூங்கல" என்றார் மிஸ். "சுவிட்ச்ல ஒரு சின்ன மாற்றம் இருக்கு. அரைத் தூக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா வேலை செஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அதுதான் உங்களை இவ்வளவு காலம் காப்பாத்தியிருக்கு."

எங்கள் பிள்ளைக்காம்பராவில் எத்தனை தொட்டில் கட்டினாலும் ஒரு தொட்டிலில் மட்டும் இரண்டு கண்கள் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். என்ன தாலாட்டினாலும் மசியாது. வருஷா வருஷம் பிள்ளை மாறும், ஆனால் அப்படி ஒன்று இல்லாமல் இருக்காது. அந்தப் பிள்ளைகளை நான் படாத பாடு படுத்தியிருக்கிறேன். அப்படி ஒன்றுதான் எனக்குள் உட்கார்ந்து என்னைப் பிழைக்கவைத்தது என்று கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

அந்த மரபணுவை இன்னும் கொஞ்சம் எழுப்பிவிட ஒரு மருந்து இருக்கிறது. ஹைட்ரொக்ஸியூரியா என்று பெயர், தினம் ஒரு கெப்சூல். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். சாப்பிடும் காலத்தில் கரு தரிக்கக்கூடாது. "கட்டாயம் வேலை செய்யும்னு நான் சொல்லல. சிலருக்குச் செய்யும், சிலருக்குச் செய்யாது. உங்க சுவிட்சப் பாத்தா எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் மிஸ். கெப்சூலோடு, சேர்ந்துபோன இரும்பை வெளியேற்ற இன்னொரு மாத்திரையும் கொடுத்தார் டொக்டர். நான் இரும்பைக் கரைக்க மாத்திரை விழுங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மதுவுக்கும் இரத்தம் பார்த்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு என்னிடமிருந்து போன ஒன்று மட்டும்தான் பழுது, செல்வராஜ் கொடுத்தது நல்லது. நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையின் இரத்தத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும். "நட்சத்திரத்துக்கு முன்னாடி ரத்தம்" என்று செல்வராஜ் அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். தோட்டமே வாசலுக்கு வந்தது. ஈரல் வறுவல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட். இரத்தம் ஊறும் என்று கேள்விப்பட்ட அத்தனையும் வந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லாம் நான் பாடம் நடத்திய பெண்கள். எனக்கு ஆகாது என்று சொன்னால் முகம் சுருங்கிப்போகிறது. வாங்கிக்கொண்டு, அவர்கள் படி இறங்கியதும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கொடுத்துவிடுவேன். செல்வராஜின் தங்கை புஷ்பம் மட்டும் சொன்ன உடனே விளங்கிக்கொண்டாள். அவள் அப்போது மாசமாக இருந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, அந்த வயிற்றோடு எனக்குத் துணியும் துவைத்துத் தருவாள். ஈரலும் கீரையும் கொண்டுவரவில்லை. சத்துமா உருண்டை பிடித்து வந்தாள். உளுந்து, அரிசி, சர்க்கரை. இதில் என்ன இருக்கிறது என்று தினம் ஒன்று தின்றேன்.

கெப்சூல் தொடங்கிச் சில வாரம் ஆனபோது வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுத்துவிட்டது. கிளினிக்கில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டொக்டரின் முகம் மாறியது. வயிற்றுக்குள் எங்காவது இரத்தம் கசிந்தால் அப்படிக் கறுக்குமாம். கையோடு வாட்டில் போட்டார்கள். கசிவு எங்கே என்று தெரியும்வரை கெப்சூலை நிறுத்தச் சொன்னார். மறுநாள் வாய்வழியாகக் கெமரா விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

நான் பயந்தது கெமராவுக்கு அல்ல. கசிவு நிற்காவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டும். எனக்குப் பொருந்தும் இரத்தத்துக்கு எங்கே போவது? இருந்த ஒரே வழி அந்தக் கெப்சூல், அதையும் நிறுத்தியாயிற்று. மதுவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அழத் தெரியாது என்று நினைத்திருந்தவர்கள் அன்று வாட்டில் இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

பார்வையாளர் நேரத்தில் செல்வராஜ் வந்தார், பின்னால் புஷ்பம். ஏழு மாத வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கையில் உருண்டை டப்பா.

"ஒண்ணும் குடுக்காத, நாளைக்கி கெமரா விடுறாங்க" என்றார் செல்வராஜ். ஏன் என்று அவள் கேட்க, கறுப்பாகப் போவதைத் தணிந்த குரலில் சொன்னார்.

புஷ்பம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு, "அண்ணி, இரும்பு மாத்திரை போட்டாலும் கறுப்பாத்தானே போகும்? எனக்கும் அப்பிடித்தான் போச்சு. இப்பத்தான் போறதில்ல" என்றாள்.

"இப்ப ஏன் போறதில்ல?"

டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஏய் புஷ்பம். மாத்திரைய என்ன செஞ்ச?"

"இடிச்சு... உருண்டையில போட்டேன் அண்ணி."

கிளினிக்கில் அவளுக்கென்று, வயிற்றுப் பிள்ளைக்கென்று கொடுத்த மாத்திரைகளை அவள் விழுங்காமல் சேர்த்துவைத்து, இடித்து, மாவில் கலந்து எனக்கு ஊட்டியிருக்கிறாள்.

"அறிவிருக்காடி ஒனக்கு? படிச்சுப் படிச்சு சொன்னேனே, எனக்கு ஆகாதுன்னு!" நான் போட்ட சத்தத்தில் வாட்டே திரும்பியது.

"நீங்கதானே அண்ணி சொல்லிக் குடுத்தீங்க, வெளிறிக் கெடந்தா இரும்புதான்னு! இத்தன வருஷமா நீங்க சொன்னத நம்புறதா, நேத்து வந்த டொக்டர் சொன்னத நம்புறதா? ஒங்களுக்கு ரத்தமே கெடைக்கலன்னு அண்ணன் அடுப்படியில குந்தி அழுதாரு. நான் வேற என்னத்த செய்ய?" அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

செல்வராஜ் அழுதது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளை இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்து, "புள்ளைக்கு இரும்பு வேணும்டி, ஒனக்குத்தான் வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நேர்ஸ் ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னார். டொக்டர் வந்து டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை முகர்ந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, புஷ்பத்தின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இருந்தாலும் நிச்சயப்படுத்த வேண்டும் என்று மறுநாள் கெமரா விட்டுத்தான் பார்த்தார். கசிவு இல்லை. கெப்சூலை அன்றே மறுபடி தொடங்கினார்கள்.

புஷ்பத்துக்கும் அங்கேயே இரத்தம் பார்க்கவைத்தேன். அவளுக்குத் தலசீமியா இல்லை, வெறும் இரும்புக் குறைவுதான். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி வெளிறியிருக்கிறது; அவளுக்கு மருந்தாவது எனக்கு விஷம். இரத்தத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். மாத்திரை கொடுக்கும் இடத்தில் மாத்திரையை வாங்கிப் போடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அதுதான் தேவை. ஆனால் போட்டும் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் புஷ்பம் என் முன்னால் நின்று மாத்திரை போட்டாள், நான் அவள் முன்னால் கெப்சூல் போட்டேன். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். "நீங்களும் காட்டுங்க" என்பாள். மாதாமாதம் கண்டிக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதமும் அப்படியே. ஹீமோகுளோபின் குறையவில்லையே, அதுவே பெரிது என்று செல்வராஜ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இடையில் புஷ்பத்துக்குப் பெண் பிறந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் எங்கள் லயத்து வீட்டுப் படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் நான் நிற்கவே இல்லை.

அடுத்த கிளினிக்கில் நிலூஷா மிஸ் வாசலிலேயே காத்திருந்தார். டொக்டர் சொல்ல வேண்டியதைத் தானே சொல்ல அனுமதி வாங்கியிருந்தாராம்.

"ஒன்பதுக்கு மேல போயிருக்கு. குழந்தை ஹீமோகுளோபின் நல்லா கூடியிருக்கு. இரும்பும் எறங்குது."

"அப்ப ரத்தம்?"

"இப்போதைக்கு வேண்டாம். இப்படியே போனா அந்தப் பேச்சே வராது."

செல்வராஜ் மிஸ்ஸைக் கும்பிட்டார். மிஸ்ஸும் என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டார். இந்த மருந்தால் எனக்கு நோய் போய்விடவில்லை. கெப்சூலும் கிளினிக்கும் தொடரும், மண்ணீரலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பொருந்தும் இரத்தத்துக்காகக் கதவைப் பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்களின் சுவிட்சுகளைப் பார்த்து, மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழி தேடுகிறார் மிஸ். அடுத்த தடவை அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். நேற்று மத்தியானம் எல்லாத் தொட்டிலும் அடங்கிய பிறகு சோற்றைப் பிசைந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கோப்பை கறுப்புச் சாயத்தண்ணி. பாலூட்ட வந்த பெண்கள் இப்போதும் அதைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடைசித் தொட்டிலில் புஷ்பத்தின் மகள் மட்டும் கண்ணைக் கொட்டிக் கொட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது நாலு மாதம். அவள் இரத்தத்தில் அந்த மரபணு தூங்கப்போகிற பருவம் இதுதான். அவள் அம்மாவுக்குப் பழுது இல்லை, அவளுக்கு அது நன்றாகத் தூங்கலாம்.

கூடையை வெளியே வைத்துவிட்டுப் புஷ்பம் உள்ளே வந்தாள். "இன்னும் தூங்கலயா இவ? ஒரு அதட்டு போடுங்க அண்ணி, ஒங்களுக்குத்தான் பயப்படுவா."

"வுடுடி. ஒண்ணு முழிச்சிருக்கட்டும்" என்றேன்.